வளிமப் பெருங்கோளா, ஹைட்ரஜன் பெருங்கோளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வியாழன், சனி போன்ற கோள்களை ஆங்கிலத்தில் ‘கேஸ் ஜயன்ட்’ என்பதற்கு நம் சொற்கோவையில் என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்று இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன்: வளிமப் பெருங்கோள், வாயுக் கோள், வாயு அரக்கன், திரவப் பெருங்கோள், பாய்மப் பெருங்கோள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னால் நிற்கும் சொல் அந்தக் கோள் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை, எதனால் ஆனது என்று சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் வியாழனும் சனியும் ஹைட்ரஜன் பெருங்கோள்கள். யுரேனசும் நெப்டியூனும் வேறு வகை, அவற்றுக்கு வேறு சொல் வேண்டும்.

‘பெருங்கோள்’ என்ற பின்பாதியில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சிறுகோள், குறுங்கோள், பெருங்கோள் என்று வரிசை தானாக அமைந்துவிடுகிறது. அரக்கன், ராட்சதன் எல்லாம் செய்தித் தலைப்புக்குச் சரி, பாடநூலில் பத்துப் பக்கம் அந்தச் சொல்லோடு ஓட்ட முடியாது. சிக்கல் முழுக்க முன்பாதியில்தான்.

ஆங்கிலத்தில் ‘கேஸ் ஜயன்ட்’ என்ற பெயர் ஆய்வகத்தில் பிறந்தது இல்லை. ஜேம்ஸ் பிளிஷ் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் 1952இல் பயன்படுத்தியது, பிறகு வானியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எடுத்துக்கொண்டபோது பொருளைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள். கோள்களை ஆய்பவர்கள் பேச்சில் கேஸ் என்றால் ஹைட்ரஜனும் ஹீலியமும், ஐஸ் என்றால் நீர், அம்மோனியா, மீத்தேன், ராக் என்றால் சிலிக்கேட்டும் இரும்பும் இன்ன பிறவும். அவை எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், என்ன நிலையில் கிடந்தாலும் பெயர் அதேதான். நாம் அதை ‘வளிமம்’ என்று ஆக்கியபோது பொருளின் பெயரை நிலையின் பெயராக ஆக்கிவிட்டோம். திண்மம், நீர்மம், வளிமம் என்று பள்ளியில் படித்த ஒருவர் ‘வளிமப் பெருங்கோள்’ என்று கேட்டால் என்ன நினைப்பார்? பெரிய காற்று உருண்டை, ஒரு கலத்தை விட்டால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும் என்றுதான் நினைப்பார். அவர் மேல் தவறு இல்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

ஒரு கலத்தை உண்மையிலேயே உள்ளே விட்டும் பார்த்திருக்கிறார்கள். கலிலியோ விண்கலம் ஐந்து மாதத்துக்கு முன்பே கழற்றிவிட்ட சிறிய ஆய்வுக்கலம் 1995 டிசம்பர் 7 அன்று நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனுக்குள் பாய்ந்தது. 152 கிலோ வெப்பக் கவசத்தில் 80 கிலோ எரிந்தே போனது. பாராசூட் விரிந்த பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தகவல் அனுப்பிக்கொண்டே இறங்கியது. குரல் அடங்கியபோது சுற்றிலும் அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தைப் போல 22 மடங்கு, வெப்பம் 150 பாகை செல்சியசுக்கு மேல். அதன் பிறகு அது எங்கும் மோதி நொறுங்கவில்லை, மோதத் தரை இல்லை. முதலில் அலுமினியப் பகுதிகள், இன்னும் கீழே போய் டைட்டானியம், எல்லாம் உருகி ஆவியாகி வியாழனோடு கலந்துபோயிருக்கும் என்பது கணிப்பு. இதில் கவனிக்க வேண்டியது, அது இறங்கிய ஆழம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வியாழனின் ஆரம் நடுக்கோட்டில் 71,492 கிலோமீட்டர். அதாவது ஆரத்தில் கால் சதவீதம்கூட இல்லை. வளிமம் என்று மனச்சாட்சியோடு சொல்லக்கூடிய பகுதி இந்த மேல்தோலும் அதற்குக் கீழே இன்னும் கொஞ்சமும்தான்.

மீதி எப்படி இருக்கும் என்பதற்கு அடர்த்தி ஒன்றே போதும். வியாழனின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.33 கிராம், தண்ணீரைவிடக் கனம். நாம் மூச்சுவிடும் காற்று 0.0012. ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கும்போது இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். சனி 0.69, தண்ணீரில் மிதக்கும் என்று எல்லோரும் எழுதுவது இதை வைத்துத்தான், ஆனால் 0.69 என்பது பெட்ரோலின் அடர்த்திக்குப் பக்கத்தில் வருகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. மிதப்பதாலேயே அது காற்று ஆகிவிடாது.

அப்படியானால் ‘திரவப் பெருங்கோள்’ என்று வைக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: அதுவும் பொருந்தாது. திரவம் என்றால் மேலே ஒரு பரப்பு இருக்கும், அதற்கு மேல் வளிமம் இருக்கும், நடுவில் எல்லை தெரியும். வியாழனில் அப்படி ஒரு கடல்மட்டம் கிடையாது. ஏன் கிடையாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹைட்ரஜனின் மாறுநிலை வெப்பம் சுமார் மைனஸ் 240 பாகை செல்சியஸ், மாறுநிலை அழுத்தம் 13 வளிமண்டலம். அந்த வெப்பத்துக்கு மேலே போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் வளிமம் ஒரு புள்ளியில் ‘திரவமாக மாறியது’ என்று சொல்ல முடியாது, அடர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். வியாழனில் மிகக் குளிரான இடமே அதைவிட எழுபது பாகைக்கு மேல் வெம்மையானது, மேகத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ள மட்டத்தில் மைனஸ் 108. ஆகவே மேலிருந்து கீழே போகப் போக, காற்று போல இருந்தது தண்ணீர் போல ஆகிவிடுகிறது, ஆனால் எந்த இடத்தில் ஆனது என்று கோடு கிழிக்க முடியாது. இந்த நிலைக்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது, பாய்மம். நீர்மத்தையும் வளிமத்தையும் ஒருசேரக் குறிக்கிற சொல். பாய்மப் பெருங்கோள் என்று முன்மொழிந்தவரின் நோக்கம் எனக்குப் புரிகிறது, இயற்பியல்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் யுரேனசும் நெப்டியூனும்கூட பெரும்பாலும் பாய்மம்தான். நான்குக்கும் பொருந்தும் சொல்லை வைத்து இரண்டை மட்டும் பிரித்துக் காட்ட முடியாது. விளக்க வாக்கியத்தில் பாய்மம் கட்டாயம் வரட்டும், பெயரில் வேண்டாம்.

இன்னும் கீழே போவோம். ஆரத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்குச் சற்று மேலும் இறங்குவதற்குள் அழுத்தம் பத்து லட்சம் வளிமண்டலத்தைத் தாண்டிவிடுகிறது. அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறுகள் நெருக்கப்பட்டு எலக்ட்ரான்கள் ஒரு அணுவுக்குச் சொந்தமாக இல்லாமல் பொதுவில் ஓட ஆரம்பிக்கின்றன. உலோக ஹைட்ரஜன் என்று சொல்வது இதைத்தான். விக்னர், ஹண்டிங்டன் என்ற இயற்பியலாளர்கள் 1935இலேயே இப்படி ஒன்று இருக்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள். 1996இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அதிர்ச்சி அலையால் திரவ ஹைட்ரஜனை 14 லட்சம் வளிமண்டலம் அளவுக்கு அழுத்தி, அது உலோகம் போல மின்சாரத்தைக் கடத்துவதை அளந்தும் காட்டினார்கள். வியாழனின் நிறையில் பெரும்பகுதி இந்த நிலையில்தான் இருக்கிறது. பளபளக்கிற, ஓடுகிற, மின்சாரம் கடத்துகிற ஒரு பாய்மம், அதன் சுழற்சியில்தான் சூரிய மண்டலக் கோள்களிலேயே வலுவான காந்தப்புலம் பிறக்கிறது. ஜூனோ விண்கலம் ஈர்ப்பு அளவீட்டில் கண்டதும் இதோடு சேர்ந்தது: மேலே நாம் பார்க்கும் பட்டைப் பட்டையான காற்றோட்டங்கள் சுமார் 3,000 கிலோமீட்டர் ஆழம் வரை போகின்றன, அதற்குக் கீழே கோள் முழுக்க ஏறக்குறைய ஒரே திடப்பொருள் போலச் சேர்ந்து சுழல்கிறது. மின்சாரம் கடத்தத் தொடங்கிய பாய்மம் காந்தப்புலத்தோடு பிணைந்துகொள்வதால் அடுக்குக்கு அடுக்கு வேறு வேறு வேகத்தில் ஓட முடிவதில்லை. இவ்வளவும் நடக்கிற இடத்தின் மேல் ‘வளிமம்’ என்று பெயர்ப்பலகை மாட்டுவது எனக்கு உறுத்துகிறது.

இங்கே ஒரு கிளைச் சிக்கல். வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான எல்லாத் தனிமங்களையும் ‘உலோகம்’ என்று அழைக்கும் பழக்கம் உண்டு, ஆக்சிஜனும் கார்பனும்கூட அதில் அடக்கம். வியாழனைப் பற்றிய கட்டுரையில் ‘உலோகங்கள் மிகுந்த உட்பகுதி’ என்று மொழிபெயர்த்தால் அது உலோக ஹைட்ரஜனைச் சொல்கிறதா, கனமான தனிமங்களைச் சொல்கிறதா என்று வாசகர் திண்டாடுவார். உலோக ஹைட்ரஜனுக்கு மட்டும் உலோகம் என்பதை வைத்துக்கொண்டு, மற்றதற்குக் ‘கனத்தனிமங்கள்’ என்று எழுதுவோம். இதில் பெரிய எதிர்ப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

ஹீலியம் மழை என்ற சொல்லைச் சிலர் ‘கவிதையாக இருக்கிறது, கலைச்சொல்லாக வராது’ என்றார்கள். அது உவமை இல்லை, அப்படியே நடப்பது. ஹைட்ரஜன் உலோகமாகும் ஆழத்தில் ஹீலியம் அதோடு கலந்திருக்க மறுக்கிறது, துளித்துளியாகத் திரண்டு கீழே விழுகிறது. 1970களில் கோட்பாடாக வந்தது, 2021இல் லேசர் ஆய்வில் ஹைட்ரஜனும் ஹீலியமும் பிரிவதை நேரடியாகவே பார்த்தார்கள். சான்று அதற்கு முன்பே கலிலியோ ஆய்வுக்கலத்தின் அளவீட்டில் கிடைத்திருந்தது. வியாழனின் மேல்வளியில் நிறைப்படி ஹீலியம் 23 சதவீதத்துக்குச் சற்று மேல், சூரியன் பிறந்த முகிலில் இருந்ததோ 27 சதவீதத்தை ஒட்டி. மீதி எங்கே? கீழே இறங்கிவிட்டது. அதைவிட அழகான சான்று நியான். மேலே இருக்க வேண்டிய நியானில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. நியான் வேதிவினை எதிலும் சேராது, மேகமாகவும் உறையாது, காணாமல்போக வழியே கிடையாது. ஆனால் ஹீலியத் துளிகளில் அது நன்றாகக் கரையும், துளிகள் விழுந்தபோது கூடவே போய்விட்டது. இதே மழைதான் சனி தன் வயதுக்கு மீறிய வெப்பத்தை இன்னும் வெளியே விட்டுக்கொண்டிருப்பதற்கும் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது, விழுகிற துளிகளின் ஆற்றல் வெப்பமாகிறது. ஹீலியம் மழை என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நடுப்பகுதி. பழைய படங்களில் வியாழனை வெட்டிக் காட்டினால் நடுவில் ஒரு தெளிவான பாறை உருண்டை இருக்கும். ஜூனோ 2016 ஜூலையில் வியாழனைச் சுற்ற ஆரம்பித்த பிறகு அந்தப் படம் மாறிவிட்டது. கனத்தனிமங்கள் ஒரே இடத்தில் குவிந்திராமல் ஆரத்தில் பாதி அளவு தூரம் வரைகூட ஹைட்ரஜனோடு கலந்து பரவியிருக்கின்றன என்றால்தான் ஈர்ப்புக் கணக்கு ஒத்துவருகிறது. சனியில் இன்னும் தெளிவு, அதன் வளையங்களில் எழும் அலைகளை நில அதிர்வுப் பதிவு போலப் படித்து, கோளின் உள் அதிர்வுகளைக் கண்டுபிடித்தார்கள். 2021இல் வந்த முடிவுப்படி சனியின் உள்ளகம் ஆரத்தில் 60 சதவீதம் வரை பரவியிருக்கிறது, அதன் நிறை 55 பூமிகளின் அளவு, அதில் பாறையும் நீர் முதலானவையும் 17 பூமிகளின் அளவுதான், மற்றதெல்லாம் ஹைட்ரஜனும் ஹீலியமும். உள்ளகத்திலேயே பெரும்பங்கு ஹைட்ரஜன்தான்! எனவே ‘பாறை உள்ளகம்’ என்று எழுதுவதை விட்டுவிடலாம். இதற்கு ‘நீர்த்த உள்ளகம்’ என்று ஒரு பரிந்துரை வந்தது, நீர்த்த அமிலம் மாதிரி. சரியான சொல்தான், ஆனால் தண்ணீர் உண்மையிலேயே கலந்திருக்கும் இடத்தில் நீர்த்த என்றால் தண்ணீர் ஊற்றிக் கலந்தது போலத் தோன்றும். ‘விரவிய உள்ளகம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. விளிம்பு இல்லாமல் ஊடே ஊடே கலந்து பரவியிருப்பதை விரவுதல் என்பது சரியாகச் சொல்கிறது.

இப்போது ஹைட்ரஜன் என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் எதிர்ப்பு இங்கேதான் வரும். கலைச்சொல் ஆக்கும்போது ஏன் பிறமொழிச் சொல், நீரகம் இருக்கிறதே, நீரியம் இருக்கிறதே என்பீர்கள். வேதியியல் பாடத்தில் நீரகம் என்று எழுதுவதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் இந்த ஒரு இடத்தில் அது இடறும். ‘நீரகப் பெருங்கோள்’ என்றால் கேட்பவருக்கு முதலில் நீர்தான் காதில் விழும், ‘நீர் அகத்தே உள்ள பெருங்கோள்’ என்றே பிரித்துப் படிப்பார். நீர் மிகுந்தவை என்று கருதப்படுபவை யுரேனசும் நெப்டியூனும், வியாழனும் சனியும் இல்லை. பிரித்துக் காட்ட வேண்டிய இரண்டு வகையையும் பெயரே மாற்றிப் போட்டுவிடும். வியாழனின் நடுக்கோட்டுப் பகுதியில் ஜூனோ அளந்த நீர் மூலக்கூறுகளில் 0.25 சதவீதம் மட்டுமே. ஐதரசன் என்று எழுதிப் பழகியவர்கள் ‘ஐதரசன் பெருங்கோள்’ என்று எழுதட்டும், அதில் குழப்பம் எதுவும் வராது. ஹீலியத்தை விட்டுவிட்டீர்களே என்றும் கேட்கலாம். நிறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஹீலியம்தான், ஆனாலும் பெரும்பான்மையை வைத்துப் பெயரிடுவது வழக்கம், பாறைக் கோள் என்று பூமியைச் சொல்லும்போது அதன் இரும்பு உள்ளகத்தையும் விட்டுத்தானே சொல்கிறோம்.

யுரேனஸ், நெப்டியூன். இவற்றைப் ‘பனிப் பெருங்கோள்’ என்று எழுதி வருகிறோம், எனக்கு வளிமப் பெருங்கோளைவிட இதுவே அதிகத் தவறாகப் படுகிறது. யுரேனஸ் பூமியைப் போல 14.5 மடங்கு நிறை, நெப்டியூன் 17 மடங்கு, அதில் ஹைட்ரஜனும் ஹீலியமும் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரைதான். மீதியில் நீர், அம்மோனியா, மீத்தேன், பாறை. உட்பகுதியின் வெப்பம் பல ஆயிரம் பாகை. அங்கே பனி என்று எதுவும் கிடையாது. சூடான, அடர்ந்த, மின்சாரம் கடத்தும் ஒரு கலவை. இன்னும் உள்ளே நீர் மீயயனி நிலைக்குப் போகிறது என்கிறார்கள், அதாவது ஆக்சிஜன் அணுக்கள் படிகமாக அசையாமல் நிற்க, ஹைட்ரஜன் அயனிகள் அவற்றின் இடையே திரவம் போல ஓடும். 2019இல் ஆய்வகத்தில் இந்தப் படிகத்தை எக்ஸ் கதிரால் பார்த்துவிட்டார்கள். பாதி திண்மம், பாதி பாய்மம் என்று இருக்கும் ஒரு பொருளைப் ‘பனி’ என்று சொன்னால் வாசகர் துருவப் பகுதியைத்தான் நினைப்பார்.

‘ஐஸ்’ என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் இப்போதைய நிலை அல்ல, பிறந்த நிலை. இளம் சூரியனைச் சுற்றிய தட்டில், குளிர்ந்த வெளிப்பகுதியில் உறைந்து துகள்களாகச் சேரக்கூடிய பொருள்கள் இவை, அதனால் அந்தப் பெயர். அந்தப் பொருள்வகைக்கு ‘உறைமம்’ என்று ஒரு சொல் ஆக்கலாம் என்பது என் முன்மொழிவு. நீர், அம்மோனியா, மீத்தேன் மூன்றுக்கும் பொதுப்பெயர். திண்மம், பாய்மம் போல ஓசையில் சேர்ந்துவிடும், பனி என்ற சொல்லின் குளிர்ச்சியை உடனே கொண்டுவராது, புதுச்சொல் என்பதால் வாசகர் வரையறையைத் தேடிப் பார்ப்பார். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் உறைமப் பெருங்கோள்கள். ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்: இந்த இரண்டுக்கும் போன ஒரே கலம் வாயேஜர் 2, 1986 ஜனவரியிலும் 1989 ஆகஸ்டிலும் கடந்துதான் போனது, சுற்றவில்லை. அளந்த நிறைக்கும் ஈர்ப்புக்கும் பாறை அதிகமாகவும் நீர் குறைவாகவும் உள்ள மாதிரிகளும் ஒத்துவருகின்றன. அதனால் வரையறையில் ‘கருதப்படுகிறது’ என்ற சொல் இருக்க வேண்டும், அதை யாரும் நடை நயத்துக்காக வெட்டிவிட வேண்டாம்.

வேறு விண்மீன்களின் கோள்களுக்கும் இந்த ஏற்பாடு தாங்கும். 1995இல் 51 பெகாசி விண்மீனைச் சுற்றிக் கண்டுபிடித்த கோள் போன்ற ‘வெப்ப வியாழன்கள்’ எவ்வளவு சூடானாலும் ஹைட்ரஜன் பெருங்கோள்களே. பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவில் ஏராளமாகக் கிடைப்பவற்றை மட்டும் இதற்குள் திணிக்க வேண்டாம், அவற்றைத் தனியாகப் பேசுவோம்.

சொற்கோவைக்கு என் வரைவு:

பெருங்கோள்: பூமியைவிடப் பல மடங்கு நிறை உள்ள, பெரும்பகுதி பாய்மமாக இருக்கும், திண்ம மேற்பரப்பு இல்லாத கோள்.

ஹைட்ரஜன் பெருங்கோள்: நிறையில் பெரும்பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமுமாக உள்ள பெருங்கோள். உட்பகுதியில் ஹைட்ரஜன் உலோக நிலையில் இருக்கும். எ.கா. வியாழன், சனி. பழைய வழக்கு: வளிமப் பெருங்கோள்.

உறைமப் பெருங்கோள்: நிறையில் பெரும்பங்கு நீர், அம்மோனியா, மீத்தேன் ஆகிய உறைமங்களும் பாறையுமாக இருப்பதாகக் கருதப்படும் பெருங்கோள். எ.கா. யுரேனஸ், நெப்டியூன். பழைய வழக்கு: பனிப் பெருங்கோள்.

பழைய வழக்கைக் குறிப்பாகக் கொடுத்தால் ஏற்கெனவே அச்சில் உள்ள நூல்களோடு தொடர்பு அறாது. உறைமம் என்ற சொல்லை வேறு துறையில் யாராவது வேறு பொருளில் ஆண்டிருந்தால் இப்போதே சொல்லுங்கள், குறிப்பாக உணவு பதப்படுத்தல், மருந்தியல் பக்கம் இருப்பவர்கள். மோதல் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஹைட்ரஜன் பெருங்கோளில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.